சாஜிதா சொன்ன பெயர்

"சொல்லுங்க மேடம், இந்த ரவுண்டுல நீங்கதான் ஃபர்ஸ்ட். மீதி ரெண்டு பேர்ல யாரை வீட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

தொகுப்பாளர் மைக்கை நீட்டினார். சாஜிதா பேகம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மேடையின் பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொற்கொடியை."

காந்திபுரத்துக் கல்யாண மண்டபமே ஒரு கணம் 'ஐயோ' என்றது.

சாட்டிலைட் டிவிக்காரர்கள் கோயமுத்தூருக்கு வந்து நடத்துகிற பெண்கள் போட்டி. சமையல், பாட்டு, கேள்வி பதில் என்று வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் மூன்று பேர் நின்றார்கள். கோட்டைமேட்டில் தையல் வகுப்பு எடுக்கும் சாஜிதா. பெருந்துறை கம்பெனியில் வேலை பார்க்கும் பொற்கொடி. காங்கேயத்து ரங்கம்மாள். ஜெயித்தால் ஸ்கூட்டர்.

ரங்கம்மாள் எல்லாச் சுற்றிலும் தட்டுத்தடுமாறி வந்தவள். தன்னைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்று பையைக்கூட எடுத்து வைத்திருந்தாள்.

"பாத்தீங்களா கெட்டிக்காரத்தனத்தை?" முன்வரிசைப் பெண் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள். "பொற்கொடி இருந்தா ஸ்கூட்டர் கெடைக்காது. ரங்கம்மாளைன்னா ஊதித் தள்ளீரலாமுங்க."

"ரெண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸ்ல சாப்பிட்டுட்டு இருந்தாங்களேங்க?"

"சாப்பாடு வேற, ஸ்கூட்டர் வேற."

சமையல் சுற்றில் சாஜிதாவின் அடுப்பு பற்றாமல் போனபோது, தன் அடுப்பில் ஒரு பர்னரை விட்டுக்கொடுத்தவள் பொற்கொடி. அதையும் கேமரா எடுத்திருந்தது. ஊரே பார்த்திருந்தது.

கேமரா இப்போது பொற்கொடியின் முகத்தருகே வந்தது.

"என்ன தோணுது மேடம்? அழணும்னா அழுதிருங்க, பரவாயில்லை."

"எதுக்குங்க அழுகோணும்? விளையாட்டுதானுங்களே."

சிரித்துக்கொண்டே இறங்கினாள். மேடைக்குப் பின்னால் அறைக்குள் நுழைந்ததும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. பின்னாலேயே சாஜிதா ஓடிவந்தாள்.

"கண்ணு, பையை எடு. கெளம்பு."

"ஏனுங்க்கா, அனுப்பிச்சது பத்தாதுங்களா? நிக்கக்கூட உடமாட்டீங்களா?"

"பேச நேரமில்ல. பின்கேட்டுக்குப் பக்கத்துல ஆட்டோ நிக்குது. போ."

"நான் உங்களுக்கு என்னங்க்கா கெடுதல் செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யல. போயிரு கண்ணு, சொன்னாக் கேளு."

மேடைப் பக்கம் யாரோ கத்தினார்கள். "பொற்கொடி மேடத்தைப் போக வேண்டாம்னு சொல்லுங்க! டைரக்டர் கூப்பிடறாரு!"

பொற்கொடி திரும்பினாள். சாஜிதா அவள் கையைப் பிடித்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டே பின்கேட்டுக்குப் போனாள். ஆட்டோவுக்குள் தள்ளி, பையையும் மடியில் போட்டாள்.

"பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. எங்கயும் நிறுத்தாதீங்க."

"கூடப் பொறந்த அக்கா மாதிரி நெனச்சேன்." ஆட்டோ நகரும்போதுதான் பொற்கொடியின் குரல் உடைந்தது. "இனி உங்க மூஞ்சியில முழிக்க மாட்டேனுங்க."

ஆட்டோ தெருமுனையில் திரும்பும்வரை சாஜிதா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் மூச்சுவிட்டாள்.

உள்ளே டைரக்டர் கதிரேசன் குதித்துக்கொண்டிருந்தார். ரங்கம்மாள் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றிருந்தாள்.

"எங்கேம்மா அவங்க?"

"போயிட்டாங்க சார்."

"போயிட்டாங்களா? கடைசி ரவுண்டுக்குன்னு அவங்க வீட்டுக்காரரைக் கொண்டாந்து வேன்ல உக்கார வெச்சிருக்கேன்! விட்டுட்டுப் போயி, திருப்பூர்ல இன்னொருத்தியோட குடும்பம் நடத்தற ஆளு. தேடிப் புடிக்கறதுக்குள்ள நான் பட்ட பாடு! இந்தம்மா என்னடான்னா, புருஷன் பம்பாயில வேலையில இருக்கார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கு. நீங்க பேரைச் சொல்லி அனுப்பினப்புறமும், வழியனுப்பற மாதிரி மேடைக்குக் கூப்பிட்டு எதிர்ல நிறுத்தியிருப்பேன். தமிழ்நாடே அழுதிருக்கும்!"

"அழுதிருக்கும் சார்."

அவர் கையிலிருந்த பேப்பரை வீசிவிட்டு வேனை நோக்கிப் போனார்.

ரங்கம்மாள் மெல்லக் கிட்டே வந்தாள். "உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?"

"டீ குடிக்கப் போனப்ப வேன் கதவு தொறந்திருந்துச்சுங்க. அந்த ஆளுக்குப் பவுடர் போட்டுட்டு, 'பொற்கொடி வந்ததும் இப்படிக் கால்ல உழுகோணும், இப்படி அழுகோணும்'னு சொல்லிக் குடுத்துட்டு இருந்தாங்க."

"அப்ப அவகிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே? உங்களை என்ன பேச்சுப் பேசிப்போட்டுப் போறா!"

சாஜிதா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எப்படீங்க சொல்றது? நேத்துக்கூட எங்கிட்ட, 'அவரு போன் பண்ணியிருந்தாருங்க்கா'ன்னு அத்தனை சந்தோசமாச் சொன்னா. எம்மேல கோவமாவே இருந்துட்டுப் போகட்டும். அவரு பம்பாயிலயே இருக்கட்டுமுங்க."