வரிசைக்கு வராத புள்ளிகள்

"இதுதான் நீ எழுதின மாடுலேஷனோட லட்சணமா?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தபடியே, இளம் பெண் பொறியாளரிடம் கத்தினார் ஆய்வுக்கூடத் தலைவர்.

மாடுலேஷன் மூலம் ரேடியோ அலையில் ஏறிப் போகும் தரவு ஒழுங்காக இறங்கினால், திரையில் புள்ளிகள் வரிசையாக நிற்கும். அவையோ கொட்டிய கடுகாய்ச் சிதறிக் கிடந்தன.

"நீங்க வர்றவரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு."

"என்னைப் பாத்துப் பயந்துடுச்சாக்கும்! ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுக் கிளம்பு."

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். கதவைச் சாத்த எழுந்தவர் திரும்பிப் பார்த்தார். புள்ளிகள் அணிவகுத்து நின்றன.

வந்து உட்கார்ந்தார், சிதறின. எழுந்து விலகினார், சேர்ந்தன.

நாற்காலிக்கு இடப்பக்கம் அனுப்பும் ஆன்டெனா, வலப்பக்கம் வாங்கும் ஆன்டெனா. நடுவில், அலையை மறித்துக்கொண்டு அவர்.

பையை எடுக்க வந்தவள், "ஏன் சார் நிக்கறீங்க? உக்காருங்க" என்றாள்.

உட்கார முடியாமல், தலை நிமிரவும் முடியாமல் நின்றார்.