மெஷின் செருப்பு

கற்பூரம் எரிந்து முடிந்தது.

மரகதம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செருகியது செருகியபடி இருந்தது.

இனி மெஷினை ஓட்ட வேண்டும்.

ஆயுத பூஜை அன்று படையல் முடிந்ததும் இழைப்பு மெஷினை ஒரு நிமிடம் ஓட்டி நிறுத்துவது அந்த மரப் பட்டறையின் வழக்கம். வருடம் முழுக்க அதில் வேலை செய்கிறவன் மெஷினைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதலாளி சுவிட்சைப் போடுவார். முதலாளி என்றால் அவள் புருஷன், நாச்சிமுத்து.

கருணாகரன் மெஷின் பக்கத்தில் போய் நின்றான்.

வெறுங்கால். காலையில் கழுவிவிட்ட சிமெண்ட் தரை இன்னும் காயவில்லை.

அவன் கண் சுவர் ஆணிக்குப் போனது.

ஆணியில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு தொங்கியது. யாருடையதும் இல்லை. மெஷினுடையது. இழைக்கப் போகிறவர் எவராக இருந்தாலும் அதைப் போட்டுக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் சுர்ரென்று இழுக்கும். மெஷினுக்குக் கொஞ்சம் முன்கோபம் என்பார் நாச்சிமுத்து. சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

முன்கோபமாம்! இரும்புக்கு ஏது கோபம்?

மெஷினுக்கு வரும் எக்ஸ்டென்ஷன் ஒயரில் வழியெல்லாம் ஒட்டு. ஒட்டின் மேல் டேப். டேப்பின் மேல் இன்னொரு டேப். பிளக் உடைந்து எவ்வளவோ காலமாயிற்று. ஒயர் நுனி இரண்டையும் சுவர் ஓட்டைகளில் விட்டு, கழன்று வராமல் தீக்குச்சி சொருகியிருந்தார். மூன்றாவது ஒயர் பச்சை. எர்த்துக்கு உள்ளது. மெஷினில் கரண்ட் கசிந்தால் ஆளை விட்டுவிட்டு மண்ணுக்குக் கொண்டுபோகிற ஒயர் அது ஒன்றுதான். அதை மடக்கி, டேப் ஒட்டி, ஓரமாய் விட்டிருந்தார். அது இல்லாமலேயே ஓடுகிறதே, பிறகு எதற்கு என்பார்.

அவளும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துபோனாள்.

"மொதலாளி, செருப்ப மட்டும் போட்டுக்கறனுங்க..." என்றான் கருணாகரன்.

"சாமி முன்னால செருப்பா? ஒரு நிமிசந்தானப்பா. ஒண்ணும் ஆவாது."

வாசலில் கருணாகரனின் மனைவி நின்றிருந்தாள். இடுப்பில் இருந்த குழந்தை அவள் கையிலிருந்து பொரியை அள்ளிக்கொண்டிருந்தது.

ஒன்றும் ஆகாதாம். யாருக்கு ஆகாது?

மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கருணா, நீ தள்ளு சாமி. இந்த வருசம் நான் தொட்டுக்கறேன்."

அவன் தயங்கி விலகினான். அவள் ஈரத்தில் கால் ஊன்றி நின்றாள். மெஷினில் வைத்திருந்த சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது.

"போடுங்க."

நாச்சிமுத்து சிரித்தார்.

"உனக்கெதுக்கு மரகதம் இந்த வேலையெல்லாம்?"

"ஒண்ணும் ஆவாதுன்னீங்கல்ல. போடுங்க."

அவர் குனிந்தார். எக்ஸ்டென்ஷன் பெட்டியின் சுவிட்சில் விரலை வைத்தார்.

அவள் கையை எடுக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் இருந்தது. கரண்டுக்காக இல்லை.

அழுத்தமாட்டார். அவளுக்குத் தெரியும். தெரிந்தும் உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள்.

மேலே ஃபேன் சுற்றியது.

விரல் அங்கேயே இருந்தது.

அவர் பார்வை அவள் பாதத்துக்கு இறங்கியது. மெட்டி வரைக்கும் ஈரம்.

சிரிப்பு எங்கோ போய்விட்டது. மீசைக்கு மேல் வியர்த்தது.

விரலை எடுத்துவிட்டார்.

"என்னால முடியாது."

அப்படியே பலகை அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மெஷினிலிருந்து கையை எடுத்தாள். இடுப்பில் செருகியிருந்ததை உருவி அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

வெள்ளைப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை. மெஷின் லைனுடையது. விடிந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கழற்றினாள். ஃபேனுக்கும் லைட்டுக்கும் லைன் வேறு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, கரண்டே இல்லியா?"

"மெஷினுக்கு இல்லீங்க."

கட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"நான் அமுக்கியிருந்தா?"

"மெஷின் ஓடியிருக்காது. நான் எங்கம்மா ஊட்டுக்குப் பஸ் ஏறியிருப்பேன்."

அவள் அதை எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். வாசலில் கருணாகரனின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நாச்சிமுத்து எழுந்தார். ஃப்யூஸ் கட்டையைத் தன் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். சுவரோரம் போய்த் தீக்குச்சிகளைப் பிடுங்கினார். ஒயரை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, பச்சை ஒயரின் மேலிருந்த டேப்பை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். பழைய டேப். சுலபத்தில் வரவில்லை.

அந்த வருடப் பூஜையில் மெஷின் ஓடவில்லை. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அவள் பொரியையும் கடலையையும் கலந்து ஆளுக்கொரு கை கொடுத்தாள். கருணாகரன் வாங்கிக்கொண்டு ஆணியருகே போனான். மெஷின் செருப்பை ஆணியிலிருந்து எடுத்தான்.

வாசலில் கிடந்த மற்றவர்களின் செருப்புகளோடு அதையும் விட்டுவிட்டு, வெறுங்காலோடு உள்ளே வந்தான்.