லாங் ஐலண்ட் லாரியின் பிரேக்

“பைப் எங்கய்யா? பிரேக் பைப் எங்க?”

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த ஜெகநாதன் போட்ட சத்தத்தில், அந்தமானின் லாங் ஐலண்ட் காக்கைகளில் பாதி அடுத்த தீவுக்குக் குடிபோய்விட்டன.

“அங்கதான் கிடக்கும் மேஸ்திரி. நல்லாப் பாரும்” என்றார் டிரைவர் இருதயநாதன், வெற்றிலையைக் குதப்பியபடி.

ஜெகநாதன் கையை நீட்டித் தொட்டார். பைப் என்று அவர் நினைத்தது வெறும் துரு. விரல் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்து மூக்கில் இறங்கியது. தும்மிக்கொண்டே வெளியே வந்தார். மிளகாய்ப்பொடிச் சாக்கில் விழுந்து எழுந்தவர் போலிருந்தார்.

யுத்தம் முடிந்தபோது அந்த லாரியை விட்டுப்போனது ஜப்பான்காரனா வெள்ளைக்காரனா என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பேருமே திரும்பக் கேட்கவில்லை. அன்றிலிருந்து அது தீவின் மரக்கிடங்குக்கும் படகு அணையும் ஜெட்டிக்கும் நடுவே மரம் சுமக்கிறது. தூத்துக்குடிக் கடலில் படகோட்டிவிட்டு வந்த இருதயநாதன்தான் அதற்கு முதலும் கடைசியுமான டிரைவர். பிரேக்கைச் சரிபார்க்க, போர்ட் பிளேரிலிருந்து வழிநெடுக வாந்தி எடுத்துக்கொண்டே வந்திருப்பவர் சர்க்கார் மெக்கானிக் ஜெகநாதன்.

“இந்தப் பைப் செத்து எத்தனையோ வருஷமாச்சு! எப்படிய்யா வண்டி ஓட்டின?”

“ஊர்ல கேளும். ஒரு கோழிய அடிச்சிருப்பேனா? ஒரு நாளாவது தண்ணிக்குள்ள விட்டிருப்பேனா? நம்ம பிரேக் பக்கா.”

“என்ன பக்கா? பிரேக் மிதிக்கு அடியில வெத்தலைப் பெட்டி வெச்சிருக்க!”

“அங்க வெச்சாத்தான் ஆடாம இருக்கும்.”

ஜெகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு சாவகாசமாகத் தன் முகத்துக்கு நேரே பொய் சொன்ன ஆளை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை.

கிடங்கு வாசலில் வனத்துறை ரேஞ்சர் பக்தவத்சலம் வந்து நின்றார். அவருக்கு அவருடைய கோபம்.

“ஜெட்டியில சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கேன். பாரத்தோட இறங்கி வந்து கோட்டுக்கு முன்னாடி நிக்கணும். தாண்டினா லாரி இரும்புக்கடைக்கு, டிரைவர் மரம் இழுக்கிற யானைக்குத் தழை வெட்டறதுக்கு! ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்லுங்க மெக்கானிக். ஜெட்டிக்கிட்ட லாரி வந்து நிக்கிற இடத்துலயே காட்டுப்பன்னி ரோட்டை உழுதுட்டுப் போகுது. துப்பாக்கியோட காத்துக் கிடந்தும் ஒரு வாலைக்கூடப் பார்க்க முடியல. அக்கிரமம்!”

சொல்லிவிட்டு ஜெட்டிக்கு இறங்கிப் போனார்.

ஜெகநாதன் புதுச் செப்புப் பைப்பை அளந்து வெட்டி, வளைத்து, நுனியை விரித்து, மறை பூட்டினார். எண்ணெய் ஊற்றினார். பைப்பில் நிற்கும் காற்றை எடுக்க மறுபடி வண்டிக்கு அடியில் போனார்.

“மிதிய்யா!”

“மிதிச்சாச்சு.”

“ஒண்ணும் வரலியே... யோவ்! பிரேக்க மிதின்னா கிளட்ச மிதிக்கிற! கிண்டலா?”

“கோபப்படாதேயும். நடுவுல உள்ளதா?” இருதயநாதன் வெற்றிலைப் பெட்டியை நகர்த்தினார். “ஆமா, இந்தக் குழாய்க்குள்ள என்னதான் ஓடுது?”

“எண்ணெய்.”

“எண்ணெயா?” இருதயநாதனுக்கு இப்போதுதான் நிஜமாகவே ஆத்திரம் வந்தது. “எண்ணெய் ஊத்தினா வழுக்கும் வே! எந்த ஊர்ல நின்னிருக்கு? இதச் சொல்லவா சர்க்கார் சம்பளம் குடுத்து உம்ம அனுப்பியிருக்கு?”

வேலை முடிந்தது. மரம் ஏற்றியாயிற்று. லாரியின் பின்னால், மரங்களுக்குப் பின்னே கிடந்த சாக்குக் குவியலில் ஒரு பெண்பிள்ளை ஏறி உட்கார்ந்தாள். துடுப்புப் போட்டு உரமேறிய கைகள்.

“அது யாரு?”

“எம் பொண்டாட்டி கிரேசி.”

“சர்க்கார் லாரியில பொண்டாட்டியா? இறங்கச் சொல்லு!”

“அவ ஏறலன்னா நான் வண்டிய எடுக்க மாட்டேன். என்னைக்கும் எடுத்ததில்ல.”

கிரேசி மேலிருந்தே எகிறினாள். “நேத்துப் படகுல வந்த ஆளு, புருஷன் பொண்டாட்டியப் பிரிக்க வந்துட்டாரு! இத்தன வருஷம் கூடவே போயிட்டு வாரேன். யாருக்கு என்ன குறைஞ்சுபோச்சு?”

“இரு, இரு. ஜெட்டிக்குப் போனதும் முதல்ல ரேஞ்சர்கிட்ட இதைத்தான் சொல்லப்போறேன். நீ தழை வெட்டத்தான் லாயக்கு!” ஜெகநாதன் கதவை அறைந்து சாத்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தார்.

லாரி சரிவில் இறங்கியது. மூன்று கனத்த மரங்கள் பின்னாலிருந்து தள்ளின. வேகம் கூடியது. தென்னைகள் பறந்தன. கீழே ஜெட்டி தெரிந்தது. அதில் வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் ரேஞ்சர், ரேஞ்சருக்கு அந்தப் பக்கம் கடல்.

“மிதி! இப்ப மிதி! நடுவுல உள்ளது!”

இருதயநாதன் மிதிக்கவில்லை. இரண்டு காலையும் மேலே தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டுக்கொண்டார்.

“எண்ணெய நம்பி, குடும்பத்தோட கடல்ல விழச் சொல்றீரோ?” என்று ஜெகநாதனைக் கேட்டுவிட்டு, ஜன்னல் வழியே தலையை நீட்டினார். “கிரேசி, போடு புள்ள!”

பின்னால் சாக்கு பறந்தது. அதற்கடியிலிருந்து, லாரியோடு பிணைத்த சங்கிலியுடன் கிரேசி தூக்கி எறிந்த படகு நங்கூரம், காட்டுப்பன்றி மாதிரி ரோட்டை உழுதுகொண்டே வந்து வழக்கமான தென்னையைக் கவ்விப் பிடிக்க, கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் லாரி பக்காவாக நின்றது.