பனி அசைந்த இடம்
பீர்மேட்டு வளைவில் ஜீப் கிறீச்சிட்டு நிற்கிறது. விடிந்து வெகுநேரமாகியும் பனி விலகவில்லை. பனிமூட்டத்தில் சாலையில் வரும் ஆளைக் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்க வழி தேடும் ஆராய்ச்சியாளர், பெருமாட்டி ஊரைச் சேர்ந்த ஈஸ்வரமூர்த்தி, மடியில் காமிராவுடன் முன்னே குனிகிறார். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. பிறகுதான், பம்பருக்கு இரண்டடி முன்னால், தேயிலைக் கொழுந்துக் கூடையோடு தோட்டத் தொழிலாளி வேலுத்தாய் தெரிகிறாள். கூடை விளிம்பில் நீர் சொட்டுகிறது. "மவராசனா இருய்யா" என்று டிரைவர் நல்லமுத்துவைக் கும்பிடுகிறாள். "ஏனுங்க, எப்படிங்க பார்த்தீங்க?" என்கிறார் ஈஸ்வரமூர்த்தி. "ஆளப் பாக்கல சார். காத்தே இல்ல, பனி மட்டும் அசைஞ்சுச்சு. பிரேக்க மிதிச்சிட்டேன்." ஆறு மாதமாக அசையாத படங்களிலேயே ஆளைத் தேடித் தோற்றவர் காமிராவை ஓரமாக வைக்கிறார். கியரின் மேல் இருக்கும் நல்லமுத்துவின் கையை இரு கைகளாலும் பற்றிக்கொள்கிறார். "அந்தம்மா இன்னைக்கு ஊடு போய்ச் சேருவாங்க. உங்களாலதானுங்க."