அம்மாவின் மின்ட் டொபி

"சபைக்கு நேரம் போட்டுது. இந்தா, வாய்க்குள்ளை போடு" என்று ஞாயிறுதோறும் மெட்ரோவரை வழியனுப்ப வரும் மகள் லக்சிகாவுக்கு ஒரு மின்ட் டொபியைக் கொடுத்து, தானும் ஒன்றைப் போட்டுக்கொண்டு, தில்லைநாயகி பாரிஸின் லா சப்பல் மெட்ரோப் படியேறினார். வழியிலேயே மாரடைப்பு.

மோர்மன் சபையில் தேநீர் விலக்கு. லக்சிகா சபையை விட்டு விலகியது அம்மாவுக்குத் தெரியும். தேநீர் பழகியதை மட்டும் மறைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்து, அம்மாவின் கைப்பையோடு வழக்கமான தேநீர்க்கடைக்கு வந்தாள்.

"கடைசிவரை அம்மாவை ஏமாத்திப்போட்டன், உதயன் அண்ணை."

கடைக்காரர் சிரித்தார். "ஆர் ஆரை ஏமாத்தினது? ஞாயிறு காலமை அவவும் இஞ்சை வந்து ஒரு பிளேன்ரீ குடிப்பா. 'மகள் வாறது எனக்குத் தெரியும், நான் வாறது அவளுக்குத் தெரியவேண்டாம்' எண்டுவா. பிறகு மணம் போக ஒரு டொபி."

லக்சிகா கைப்பையைத் திறந்தாள். அடுத்த ஞாயிறுக்கான இரண்டு டொபிகள் உள்ளே இருந்தன.