பழையபடி ஆயிடுமா?

“சட்டைக்குப் பட்டன் போடவே அரை மணி நேரம் ஆகுது டாக்டர். மலைப்பாதையில லாரி ஓட்டின மனுஷன் எங்க அண்ணன்!” என்றாள் தங்கை.

நாற்காலியில் இருந்த டிரைவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. மடியில் கிடந்த கைகள் மட்டும் நடுங்கின. வாயோரம் வழிந்த எச்சிலை மனைவி முந்தானையால் துடைத்துவிட்டாள்.

டாக்டர் அவருடைய முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். விட்டு விட்டுத்தான் அசைந்தது.

“மூளையில டோபமின்னு ஒண்ணு சுரக்கும். கையைத் தூக்கு, காலை எடுத்து வைன்னு மூளை சொல்றது உடம்புக்குச் சரியாப் போய்ச் சேர அது வேணும். இவருக்கு அது போதலை. மனநோய்க்கு ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா? அதுல சிலது டோபமினை வேலை செய்ய விடாது. அதனாலயும் இப்படி ஆகும்.”

“அண்ணனுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க!” தங்கைக்குச் சுருக்கென்றது. “தலைவலின்னுகூட ஒரு மாத்திரை போட்டதில்ல. இல்லையா அண்ணி?”

அண்ணி ஆமாம் என்று தலையாட்டினாள்.

“அப்ப இது நடுக்குவாதம்தான். உள்ளே போய் டோபமினா மாறுற மாத்திரை எழுதறேன்.”

“கை... பழையபடி ஆயிடுமா டாக்டர்?” மனைவி கேட்டாள்.

“முழுசா குணமாகாது. ஆனா நல்லாத் தூக்குவார், பிடிப்பார்.”

அவள் கண்ணில் நீர் முட்டியது.

“அழாதீங்க அண்ணி. உங்களை மாதிரி யார் பார்த்துப்பாங்க?” தங்கை அவள் தோளை அணைத்துக்கொண்டாள். “பாத்துப் பாத்து ஓடாத் தேஞ்சுட்டீங்க. கொஞ்ச நாள் நான் வந்து இருக்கேன்.”

சொன்னபடியே வந்தாள். அண்ணனுக்குச் சாப்பாடு, பால், மாத்திரை எல்லாம் தன் கையாலேயே கொடுத்தாள். அண்ணியை அடுப்படிப் பக்கமே விடவில்லை. ஒரு மாதத்தில் டிரைவர் தானாகவே தம்ளரை எடுத்துக் குடித்தார். தங்கை நிம்மதியாக ஊருக்குக் கிளம்பினாள்.

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த மனைவியை வாசலிலேயே அந்தக் குரல் நிறுத்தியது.

“இவ்வளவு நேரம் எங்கடி போன?”

கை மெதுவாக எழுந்தது. தோளுக்கு மேல் போய் ஒரு கணம் நின்று, தடுமாறி இறங்கியது.

அவள் அடுப்படிக்குப் போய்ப் பாலைச் சூடாக்கினாள். ஒரு மாதமாகக் கலக்க வழியில்லாமல் போன மாத்திரையில் இன்று இரண்டைப் பொடித்துப் போட்டாள். அடி தாங்காமல் அவள் அலறியதற்கு, ‘பைத்தியம்’ என்று மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய், அவளுக்கென்று கணவரே வாங்கிக் கொடுத்த மாத்திரை.