பதினோரு மணிக்குள்

நாசர் காரின் பானெட்டைத் திறந்ததுமே வாசலில் சண்டை தொடங்கிவிட்டது.

"இந்தச் சனியன ரிப்பேர் பண்ணியே நான் சாகுதேன். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுக்கணும்னு அவகிட்ட சொல்லுலே," என்றார் தங்கசாமி.

இரண்டடி தள்ளி நின்ற முத்துச்செல்வியும் மெக்கானிக் நாசரைப் பார்த்தே பதில் சொன்னாள். "பழச ஒழுங்கா வச்சுக்கத் தெரியாத மனுசனுக்குப் புதுசு ஒண்ணுதான் கேடான்னு கேளுங்க தம்பி."

"அவ வாயக் கொறைக்கச் சொல்லு!"

"மொதல்ல அவர மூடச் சொல்லுங்க!"

புருஷனும் பெண்டாட்டியும் ஆறு மாதமாக நேருக்கு நேர் பேசுவதில்லை என்பது இலத்தூருக்கே தெரியும். நடுவில் மாட்டிக்கொண்ட நாசர் எஞ்சினுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டான்.

பேட்டரி ஒயரை யாரோ வேண்டுமென்றே கழற்றி விட்டிருந்தார்கள். மாட்டினான். அப்போதும் வண்டி கிளம்பவில்லை. தேடிப் பார்த்தால் பெட்ரோல் பம்ப்பின் ஃபியூசையும் காணோம். ஒரே வண்டியில் இரண்டு திருட்டு வேலை.

"காலைலயே அப்படி எங்க போகணும் அண்ணாச்சி?"

"தென்காசி கோர்ட்டுக்கு. பதினோரு மணிக்கு டைவர்ஸ் கையெழுத்து."

நாசர் நிமிர்ந்தான். முத்துச்செல்வியின் விரல்களில் கறுப்பாகப் பேட்டரிக் கறை. தங்கசாமியின் வெள்ளைச் சட்டைப் பைக்குள் சிவப்பாக ஒரு ஃபியூஸ்.

தென்காசி பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி வாசலைத் தாண்டிப் போனது. இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை.

நாசர் பானெட்டை ஓங்கி மூடினான். "இன்னைக்கு ஓடாது அண்ணாச்சி. பார்ட்ஸ் வர நாலு நாளாவும்."

"மெதுவா வரட்டும், ஒண்ணும் அவசரமில்ல," என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.